ஓலே எவின்ரூட்: படகுக்கு எஞ்சின் தந்த பட்டறைத் தொழிலாளி

அறிவியலிலும் பொறியியலிலும் பெரியோர் யார் என்று கேட்டால் நியூட்டன், மாக்ஸ்வெல், இராமன் என்று நாம் அடுக்கத் தொடங்குவோம். கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு மனிதரின் பெயரை அந்த வரிசையில் சேர்க்க நமக்குத் தோன்றுவதில்லை. அப்படிப்பட்ட ஒருவரைத்தான் நம் சங்கத்து நண்பர்களுக்கு இங்கே அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அவர் பெயர் ஓலே எவின்ரூட். ஏரிகளிலும் ஆறுகளிலும் கடற்கரைகளிலும் சிறு படகுகளின் பின்புறத்தில் தொங்கிக்கொண்டு, தண்ணீரைக் கலக்கிப் படகை முன்னே தள்ளும் அவுட்போர்டு எஞ்சினை நடைமுறைக்கு ஏற்ற பொருளாகச் செய்து காட்டியவர் அவரே.

குமரி மாவட்டக் கடற்கரையிலும் கேரளக் கடற்கரையிலும் பிறந்த நண்பர்களுக்கு இந்த எஞ்சின் புதியதன்று. வள்ளத்தின் பின்னால் அது உறுமும் ஒலி அவர்களுக்குப் பழகிய ஒலி. மற்றவர்களும் வெள்ளக் காலத்தில் மீட்புப் படகுகளில் இதைக் கண்டிருப்பார்கள். இன்று வரும் பெரிய அவுட்போர்டு எஞ்சின்களில் இன்னோர் ஒலியும் உண்டு. எஞ்சினுக்குக் கேடு வரும் வேளையில் காதைத் துளைக்கும்படி எழும் எச்சரிக்கை ஒலி அது. நடு நீரில் அது எழுந்தால் என்ன செய்வது? நிறுத்துவதா, போவதா? ஒலிக்கும் கருவியின் கம்பியை அறுத்துவிட்டு நிம்மதியாகக் கரை சேர்வதா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு எவின்ரூட்டின் வாழ்க்கையைப் பார்ப்போம். அவர் காலத்து எஞ்சினில் இந்த ஒலி இல்லை. ஆயினும் இதற்குரிய விடை அவர் வாழ்க்கையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பிறப்பும் இளமையும்

ஓலே 1877ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 19ஆம் நாள் நார்வே நாட்டில் பிறந்தார். அந்நாளில் நார்வேயில் வாழ வழி தேடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர்கள் பல்லாயிரவர். ஓலேயின் குடும்பமும் 1882இல், அவருக்கு ஐந்து வயதாக இருக்கையில், கடல் கடந்தது. கப்பலில் அந்தச் சிறுவன் தாயின் கண்ணை ஏமாற்றிவிட்டு அடிக்கடி எஞ்சின் அறைக்குள் போய் நின்றுவிடுவான் என்று அவரைப் பற்றி எழுதியோர் சொல்வார்கள்.

குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில், ரிப்ளி ஏரியின் பக்கத்தில் குடியேறியது. உழவு வேலை. மண்ணோடு போராட்டம். ஓலே பள்ளியில் அதிக நாள் இருக்கவில்லை. ஆனால் பழுதான உழவுக் கருவிகள் அவன் கைக்கு வந்தால் சரியாகித் திரும்பின. ஏரிக்கரையில் வளர்ந்தவனுக்குப் படகின்மேல் ஆசை. அவன் மறைவில் ஒரு பாய்மரப் படகு செய்யத் தொடங்கினான் என்றும், வீண் வேலை என்று கருதிய தந்தை அதை அழித்துவிட்டார் என்றும், பையன் மனம் தளராமல் இன்னொன்றைச் செய்து முடித்தான் என்றும் கூறுவர். அந்தப் படகில் ஆட்களை ஏற்றிக் கூலி பெற்ற பிறகு தந்தையின் எண்ணம் மாறிற்றாம்.

பதினாறு வயதில் அவன் வீட்டை விட்டு, ஏறக்குறைய 20 மைல் தொலைவிலிருந்த மாடிசன் நகருக்கு வேலை தேடிச் சென்றான். ஊரை விட்டு வந்து படிக்கும் நமக்கு அந்தப் பயணத்தின் பொருள் விளங்கும். நமக்காவது விடுதியும் உதவித்தொகையும் சங்கமும் இருக்கின்றன. அவனுக்கு இருந்தவை இரண்டு கைகளே. மாடிசனில் உழவுக்கருவி செய்யும் தொழிற்சாலையில் பணி கிடைத்தது. பகலில் எந்திர வேலை, இரவில் கணக்கும் பொறியியலும் தானே படித்தல் என்று நாட்கள் சென்றன. பின்னர்ப் பிட்ஸ்பர்க், சிகாகோ முதலிய நகரங்களின் பட்டறைகளிலும் வேலை பார்த்துத் தொழில் நுட்பம் கற்றார்.

அதன் பிறகு மில்வாக்கி நகருக்கு வந்து, வார்ப்படத்துக்கு வேண்டிய மர அச்சுகள் செய்யும் வேலையை மேற்கொண்டார். இந்தத் தொழிலை எளிதாக எண்ணிவிடக் கூடாது. உருக்கிய உலோகம் குளிரும்போது எவ்வளவு சுருங்கும் என்று முன்னமே கணக்கிட்டு, அந்த அளவுக்குப் பெரிதாக மரத்தில் அச்சுச் செதுக்க வேண்டும். கணக்கில் பிழை நேர்ந்தால் வார்த்த பொருள் வீண். எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பும் ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை தெரிந்தவனால்தான் நல்ல அச்சுச் செய்ய முடியும். எவின்ரூட்டுக்குப் பல்கலைக்கழகமாக இருந்தது இந்தத் தொழில்தான்.

ஏரியும் பனிக்கூழும்

1900ஆம் ஆண்டில் அவர் கிளெமிக் என்பவரோடு சேர்ந்து மில்வாக்கியில் ஒரு சிறு எஞ்சின் பட்டறை தொடங்கினார். அந்தக் கூட்டு நீடிக்கவில்லை. எஞ்சின் செய்யும் திறமை இருந்த அளவுக்குக் கணக்கு எழுதும் திறமை அவருக்கு இல்லை. கடிதங்கள் விடையின்றிக் கிடக்கும். பற்று வரவு குழம்பும். அந்த நிலையில் அவருக்கு உதவியாக வந்தவர் பெஸ் கேரி. பக்கத்து வீட்டில் வாழ்ந்த, வணிகப் படிப்புப் படித்துவந்த இளம்பெண் அவர். கடிதம் எழுதித் தர வந்தவர் பின்னர் வாழ்க்கைத் துணைவியானார். அவர்கள் திருமணம் 1906இல் நடந்தது.

அவுட்போர்டு எஞ்சின் பிறந்த கதை பலரும் சொல்லும் கதை. 1906ஆம் ஆண்டுக் கோடையில் ஓகாச்சி ஏரியில் ஒரு தீவுக்கு நண்பர்களோடு சென்றிருந்தார்கள். பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் உண்ண ஆசை எழுந்தது. ஓலே துடுப்புப் படகில் கரைக்குச் சென்று வாங்கிவந்தார். போகவும் வரவும் நெடுந்தொலைவு, கொளுத்தும் வெயில், வந்து சேர்ந்தபோது ஐஸ்கிரீம் உருகிக் குழம்பாகியிருந்தது. துடுப்பு வலித்துச் சோர்ந்த கைகளோடு, படகின் பின்னால் மாட்டக்கூடிய ஒரு சிறு எஞ்சினைப் பற்றி அவர் எண்ணத் தொடங்கினார் என்பர்.

இக்கதையைக் கேட்டு, உலகில் முதன்முதலாக இந்த எண்ணம் கொண்டவர் அவரே என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1890களிலேயே அமெரிக்காவில் இத்தகைய எஞ்சின்களைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. கேமரன் வாட்டர்மன் என்பவர் எவின்ரூட்டுக்குச் சற்று முன்னரே அவுட்போர்டு எஞ்சின்களைச் செய்து விற்றார். எவின்ரூட்டின் பெருமை வேறு. வாங்கியவன் நம்பிக்கையோடு ஏரியில் இறங்கி, நம்பிக்கையோடு கரை சேரும்படியான எஞ்சினை அவர் செய்தார்.

1907இல் அவர் தம் முதல் மாதிரியைச் செய்தார். அதைப் பார்த்த பெஸ், காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரம்போல் இருக்கிறதே என்று நகைத்தாராம். 1909இல் அது விற்பனைக்கு வந்தது. ஒரே சிலிண்டர், 1.5 குதிரைச் சக்தி. எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. விலை 62 டாலர். எஃகும் பித்தளையும் கொண்டது. ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரம் உச்சியில் கிடைமட்டமாக இருக்கும். அதிலுள்ள கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றினால் எஞ்சின் உயிர் பெறும். அங்கிருந்து ஒரு தண்டு செங்குத்தாக நீருக்குள் இறங்கும். அடியில் பற்சக்கரங்கள் அச்சுழற்சியைத் திசை திருப்பி விசிறிக்குக் கொடுக்கும். இன்றைய அவுட்போர்டு எஞ்சினின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உறுப்புகள் பெருகியிருந்தாலும், அமைப்பின் எலும்புக்கூடு பெரும்பாலும் இதுவே.

நீரே காவல்

இங்கே சற்று நின்று அறிவியல் பேசுவோம். பெட்ரோல் எஞ்சின் தன் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய கால்பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. மீதி வெப்பத்தில் ஒரு பகுதி புகையோடு போகிறது. மற்றொரு பகுதி சிலிண்டர்ச் சுவரில் ஏறுகிறது. அதை அப்போதைக்கப்போது வெளியேற்றாவிட்டால் பிஸ்டன் விரிந்து சுவரில் இறுகிவிடும். மோட்டார் காரில் இதற்கு ரேடியேட்டர் உண்டு. படகு எஞ்சினுக்கோ ரேடியேட்டர் வேண்டியதில்லை. ஏரியே அதன் ரேடியேட்டர். அடிக்காலிலுள்ள ஒரு பம்பு நீரை உறிஞ்சி மேலே அனுப்பும். நீர் சிலிண்டரைச் சுற்றி ஓடி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு மீண்டும் ஏரிக்கே போய்விடும்.

எவ்வளவு நீர் வேண்டும்? தோராயமாகக் கணக்கிடலாம். 1.5 குதிரைச் சக்தி என்பது சுமார் 1.1 கிலோவாட். அதே அளவு வெப்பத்தை நீர் ஏற்கிறது என்று கொள்வோம். நீரின் வெப்பநிலை 30 டிகிரி உயரலாம் என்றால், ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 126 கிலோஜூல் வெப்பத்தைச் சுமக்கும். ஆகவே நிமிடத்துக்கு அரை லிட்டர் போதும். 40 குதிரைச் சக்தி எஞ்சினுக்கு இதே கணக்குப்படி நிமிடத்துக்கு 14 லிட்டர் தேவை. சின்ன எஞ்சினில் தண்ணீர் நின்றால் அது சூடாகித் தடுமாறும். பெரிய எஞ்சினில் நின்றாலோ சில நிமிடங்களில் உலோகம் பாழாகும்.

எவின்ரூட் காலத்துப் படகோட்டிக்கு எச்சரிக்கை செய்ய மணியும் இல்லை, விளக்கும் இல்லை. எஞ்சினின் ஓசை மாறுகிறதா என்று காது கேட்க வேண்டும். சூட்டைக் கை அறிய வேண்டும். எரியும் எண்ணெயின் நாற்றத்தை மூக்கு அறிய வேண்டும். இரண்டு வீச்சு எஞ்சினாகையால் பெட்ரோலில் எண்ணெயை அவனே அளந்து கலக்க வேண்டும். அளவு குறைந்தால் உராய்வு, கூடினால் புகை. எஞ்சினின் உடல்நிலையை அறியும் பொறுப்பு முழுவதும் மனிதனிடமே இருந்தது. உறுப்புகள் சிலவே ஆகையால் அது இயலும் செயலாகவும் இருந்தது.

துடுப்பை எறியச் சொன்ன மங்கை

எஞ்சினைப் பரிசோதிக்க ஒரு நண்பரிடம் ஓலே கொடுத்தனுப்பினார் என்றும், அவர் பத்து எஞ்சின்களுக்கான கேட்போலையோடும் பணத்தோடும் திரும்பி வந்தார் என்றும் சொல்வார்கள். வணிகத்தை வளர்த்தவர் பெஸ். துடுப்புகளைத் தூர எறிந்துவிட்டு எவின்ரூட் எஞ்சினைப் பயன்படுத்துமாறு மக்களை அழைக்கும் விளம்பரத்தை எழுதியவர் அவரே. கேட்டு வரும் கடிதங்களுக்கு விடை எழுதுவதும், கணக்குப் பார்ப்பதும், கைக்குழந்தையாக இருந்த மகன் ரால்ஃபை வளர்ப்பதும் அவர் பணியாயின. இழுவைப் படகுத் தொழில் நடத்திய கிறிஸ் மேயர் என்பவர் முதல் போட்டுப் பங்காளியானார். எஞ்சினுக்குரிய அமெரிக்கக் காப்புரிமை 1911இல் கிடைத்தது.

இதற்கிடையே நியூயார்க்கில் ஏற்றுமதித் தொழில் செய்துவந்த ஒலூஃப் மிக்கெல்சன் என்ற டேனிஷ்காரர் விளம்பரத்தைப் பார்த்து, ஸ்காண்டிநேவிய நாடுகளின் மீனவருக்கு இந்த எஞ்சின்களை அனுப்பத் தொடங்கினார். பிழைக்க வழியின்றி நார்வேயை விட்டு வந்த குடும்பத்தின் பிள்ளை செய்த எஞ்சின் வடகடல் மீனவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பொழுதுபோக்குக்காகப் பிறந்த பொருள் உழைப்பவனின் கருவியாகிவிட்டது. சில ஆண்டுகளுக்குள் தொழிற்சாலையில் 300 பேர் வேலை செய்தார்கள்.

கேட்டுக்கொண்ட எச்சரிக்கை

வெற்றி உச்சத்தை அடைந்துகொண்டிருந்த வேளையில் பெஸ்ஸின் உடல்நலம் சீர்குலைந்தது. பல ஆண்டுக் கடும் உழைப்பு அவரை வாட்டிவிட்டது. வேறொருவராயிருந்தால் என்ன செய்திருப்பார்? இந்த ஆண்டு விற்பனை முடியட்டும், அடுத்த ஆண்டு ஓய்வு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருப்பார். ஓலே அவ்வாறு செய்யவில்லை. 1914இல் தம் பங்கை மேயருக்கு விற்றுவிட்டார். ஐந்தாண்டுகள் அதே தொழிலில் போட்டியாக இறங்குவதில்லை என்றும் உடன்பட்டார். தம் பெயரைத் தாங்கிய நிறுவனம் பிறர் கைக்குப் போயிற்று. மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு அவர் நாடு சுற்றப் புறப்பட்டார்.

இதைக் கோழைத்தனம் என்றோ வணிக அறிவின்மை என்றோ சிலர் கூறலாம். எனக்கு இது அவர் பட்டறையில் கற்ற பாடமாகவே தோன்றுகிறது. எஞ்சின் சூடேறினால் நிறுத்த வேண்டும். கரை சேர்ந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினால் கரையும் கிட்டாது, எஞ்சினும் மிஞ்சாது. உலோகத்துக்கு இந்த நீதியைக் கண்டவர் உயிருக்கு அதை மறுக்கவில்லை.

ஊர் சுற்றிய அந்த ஆண்டுகளிலும் அவர் மூளை சும்மா இருக்கவில்லை. முதல் எஞ்சினின் பெருங்குறை அதன் எடை. ஒரு பெண்ணாலோ முதியவராலோ அதைத் தூக்கிப் படகில் மாட்ட முடியாது. அலுமினியத்தைப் பெருமளவு பயன்படுத்தி, இரண்டு சிலிண்டர் கொண்ட புதிய எஞ்சினை 1919 அளவில் உருவாக்கினார். அதன் எடை 50 பவுண்டுக்கும் குறைவு. ஆற்றலோ ஏறக்குறைய 3 குதிரைச் சக்தி. எடை குறைந்தது, சக்தி இரட்டித்தது. இதை முதலில் மேயரிடமே கொண்டுபோய்க் காட்டினார். மேயர் வேண்டாம் என்றார். தம் பெயரே தமக்கு உரிமையில்லாத நிலையில், எல்டோ என்ற புதுப்பெயரில் ஓலேயும் பெஸ்ஸும் மறுபடியும் தொழில் தொடங்கினார்கள். எவின்ரூட் செய்த இலகுவான இரட்டைச் சிலிண்டர் அவுட்போர்டு என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அப்பெயர்.

எல்டோ வென்றது. 1929இல் எல்டோ, எவின்ரூட், லாக்வுட் என்னும் மூன்று நிறுவனங்களும் ஒன்றிணைந்தபோது, புதிய கூட்டு நிறுவனத்தின் தலைவராக ஓலே அமர்ந்தார். இழந்த பெயர் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தது. ஆனால் அதே ஆண்டில் பங்குச்சந்தை வீழ்ந்து, பெரும் பொருளாதார மந்தம் தொடங்கிற்று. வேலையிழந்த மக்கள் படகு எஞ்சின் வாங்குவார்களா? இருண்ட அந்த ஆண்டுகளில் நிறுவனத்தைக் காப்பாற்ற அவர் ஓயாமல் உழைத்தார். 1933இல் பெஸ் மறைந்தார். அடுத்த ஆண்டு, 1934 ஜூலை 12ஆம் நாள், ஓலே எவின்ரூட்டும் கண் மூடினார். அப்போது அவருக்கு வயது 57.

நிறுவனம் மகன் ரால்ஃபின் கைக்கு வந்தது. 1936இல் அது ஜான்சன் நிறுவனத்தோடு சேர்ந்து பெரிதாயிற்று. ஓ.எம்.சி. என்று பின்னர் அறியப்பட்ட அந்நிறுவனம் 2000ஆம் ஆண்டில் நொடித்துப்போனது. கனடாவின் பி.ஆர்.பி. நிறுவனம் எவின்ரூட் பெயரை வாங்கி நடத்தி, 2020இல் அந்த எஞ்சின்களின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பெயர் நின்றாலும் அவர் கண்ட அமைப்பு நிற்கவில்லை. ஜப்பானிய எஞ்சின்களிலும் பிற நாட்டு எஞ்சின்களிலும் அது வாழ்கிறது.

ஒலி ஏன் ஓயவில்லை?

இனித் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். எஞ்சின்கள் பெரிதாகப் பெரிதாகக் காதையும் கையையும் மட்டும் நம்ப முடியாமற் போயிற்று. சூட்டை அறியும் சுவிட்சு, எண்ணெய் அளவை அறியும் மிதவை, எண்ணெய் அழுத்தத்தை அறியும் உணரி முதலியவை வந்தன; அவற்றோடு எச்சரிக்கை ஒலியும் வந்தது. 1984இல் ஓ.எம்.சி. நிறுவனமே பெட்ரோலில் எண்ணெயைத் தானாகக் கலக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதை நம்பாத பலர் அதைக் கழற்றிவிட்டுப் பழையபடி கையால் கலந்தார்கள். மனிதன் தன் கண்ணுக்குத் தெரியாத காவலனை எளிதில் நம்புவதில்லை. அந்தக் காவலன் ஓயாமல் கூவினாலோ, கூவும் வாயை அடைக்கவே முதலில் எண்ணுகிறான்.

ஒலி எழுந்ததும் செய்ய வேண்டியது வேகத்தை உடனே குறைப்பது. பிறகு எஞ்சினின் பின்புறம் பீச்சும் சிறு நீர்க்கீற்றைப் பார்ப்பது. கீற்று இல்லையென்றால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். காலைத் தூக்கி, நீர் உறிஞ்சும் சல்லடையில் பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கிறதா என்று காண வேண்டும். கீற்று வரும் துளையிலேயே உப்பு அடைத்திருப்பதும் உண்டு. மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் சரியாகும். இவை இரண்டும் இல்லையென்றால் பம்பிலுள்ள இம்பெல்லரைச் சோதிக்க வேண்டும். அது இதழ்கள் கொண்ட ரப்பர்ச் சக்கரம். நாளடைவில் இதழ்கள் விறைத்து வளைந்துவிடும், உடைவதும் உண்டு. உடைந்திருந்தால் புதியதை மாட்டுவதோடு வேலை முடியாது. உடைந்த துண்டுகளை எண்ணித் தேட வேண்டும். காணாமற்போன துண்டு மேலே ஏறி நீர்வழியை அடைத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் இல்லாமல் கரையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் இந்த ரப்பர் மிக விரைவில் கெடும் என்பதையும் மறக்கக் கூடாது.

கீற்று நன்றாக வருகிறது, ஒலியும் நிற்கவில்லை என்றால்? கீற்று வருவதால் பம்பு வேலை செய்கிறது என்று மட்டுமே பொருள். எல்லாச் சிலிண்டர்களுக்கும் நீர் போய்ச் சேர்கிறது என்பதற்கு அது சான்றாகாது. தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். அதைக் கழற்றி, வெப்பமானியோடு ஒரு பாத்திர நீரில் தொங்கவிட்டுச் சூடேற்றினால் உண்மை வெளிப்படும். பல எஞ்சின்களில் அது ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் திறக்க வேண்டும். சிலிண்டர்த் தலையின் உண்மையான வெப்பநிலையை வேறொரு வெப்பமானியால் தனியே அளப்பது இன்னும் நல்லது. தலை சுடுகிறது என்றால் ஒலி சொல்வது மெய்.

தலை குளிர்ந்திருக்கிறது என்று அளந்து உறுதி செய்த பின்னர்தான் காவலனை ஐயுறலாம். பொதுவாக வெப்பச் சுவிட்சு சூடேறினால் மின்சுற்றை எஞ்சின் உடலோடு இணைத்து ஒலியை எழுப்பும். அதன் கம்பியைச் சோதனைக்காக மட்டும் பிரித்துப் பார்க்கலாம். ஒலி நின்றால் குற்றவாளி சுவிட்சு. நிற்காவிட்டால் எண்ணெய் மிதவை முதலிய பிற உணரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் பிரித்தும் ஒலி தொடர்ந்தால், எங்கோ ஒரு கம்பியின் உறை தேய்ந்து உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று ஐயுற வேண்டும். நான்கு வீச்சு எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் குறைந்ததாக எச்சரிக்கை வந்தால் மட்டும் எந்தச் சோதனைக்கும் முன் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். விட்டுவிட்டு ஒலிப்பது, இடைவிடாமல் ஒலிப்பது என்ற வேறுபாடுகளுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பொருள் வைத்திருப்பதால், அந்த எஞ்சினுக்குரிய கையேட்டைப் பார்ப்பதே முறை.

நண்பர்களே, இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் நீர், பிறகு வெப்பம், பிறகு சுவிட்சு, கடைசியில் கம்பி. கம்பியை அறுப்பவன் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறான். நம் ஆய்வுக்கூடங்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. எதிர்பாராத அளவு வந்தால், கருவி சரியில்லை என்று சொல்லி அந்த அளவைக் குறிப்பேட்டில் அடித்துவிடுவோர் எத்தனை பேர்! கருவியும் சில வேளை பொய் சொல்லும். ஆனால் அது பொய் என்று காட்டும் பொறுப்பு நம்முடையது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் இந்தப் பாடம் நமக்குப் பயன்படும். ஊரை விட்டு வந்து படிக்கும் நமக்குத் தேர்வு, ஆய்வேடு, வேலை என்று முன்னே ஓட ஆயிரம் காரணங்கள் இருக்கின்றன. உறக்கம் குறைகிறது, உணவு பிடிக்கவில்லை, அடுத்த அறை நண்பன் சில நாட்களாக யாரோடும் பேசவில்லை, அம்மாவோடு பேசும் பேச்சு நாளுக்கு நாள் சுருங்குகிறது. இவையும் எச்சரிக்கை ஒலிகளே. பருவம் முடியட்டும் என்று அவற்றை அடைத்துவைப்பது எளிது.

ஓலே எவின்ரூட் விட்டுச்சென்றது ஓர் எஞ்சினை மட்டுமன்று. துடுப்பு வலித்துச் சோர்ந்த கையின் வலியைக் கேட்டார், படகெஞ்சின் பிறந்தது. தூக்க முடியாத எடையின் குறையைக் கேட்டார், எல்டோ பிறந்தது. வாடிய மனைவியின் உடல் சொன்னதைக் கேட்டார். செழித்த தொழிலை விட்டுக்கொடுத்தார். அதற்குப் பின் அவர்கள் இருவரும் இன்னும் 19 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். இரண்டாம் முறையும் சேர்ந்தே வென்றார்கள். குறையின் குரலை அடைக்காமல் அதன் காரணத்தைத் தேடிச் சென்ற அந்தப் பட்டறைத் தொழிலாளியின் வாழ்க்கை, பட்டங்களைத் தேடி வந்திருக்கும் நமக்கு நல்ல பாடமாக அமையட்டும்.